குளம் உறைந்தால் ஆட்டம்: லடாக்கில் ஐஸ் ஹாக்கி வளர்ந்த கதை



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் ராணுவத்தில் இருக்கிறார். இப்போது லடாக்கில் பணி. போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினார். உறைந்து போன குளத்தின் மேல் பிள்ளைகள் மட்டையோடு பறக்கிறார்கள். கீழே ஒரு வரி: "டீச்சர், இங்க குளத்து மேலயே ஹாக்கி ஆடுறாங்க, இதோட வரலாறு உங்களுக்குத் தெரியுமா?" வரலாறு என்று கேட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. தேடித் தேடிப் படித்தேன். நம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேச்சுக்கும் இது உதவும் என்று தோன்றியதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பொம்மிடியில் ஐஸ் என்றால் குச்சி ஐஸ், இல்லாவிட்டால் மீன்காரர் பெட்டியில் இருப்பது. மார்கழியில் ஏற்காட்டு மலைப் பக்கமிருந்து இறங்கும் பனிக்கே நாம் மப்ளர் கட்டுகிறவர்கள். அதனால் முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். காலில் அடிப்பக்கம் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ். பந்து கிடையாது. 'பக்' என்று சொல்லும் கெட்டி ரப்பர் வில்லை, மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. வேகம் அதிகம் என்பதால் ஒருவர் ஒரு நிமிடம் ஆடுவதற்குள் மூச்சு வாங்கிவிடும், அடுத்தவர் இறங்குவார். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். ஆடினால்?

இந்த ஆட்டம் ஒழுங்கான விளையாட்டாக உருவானது கனடாவில். 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியல் நகரத்தில் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கில் ஜேம்ஸ் கிரெய்டன் என்பவர் ஏற்பாட்டில், பக்கத்துக்கு ஒன்பது பேராக ஒரு போட்டி நடந்தது. கூரைக்குள் நடந்த முதல் ஒழுங்கான போட்டி அதுதான் என்பார்கள். பந்து துள்ளிப் பார்வையாளர் மேல் விழும் என்று தட்டையான மரவில்லையை வைத்து ஆடினார்கள். ஆடியவர்களில் பலர் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள். இரண்டே வருடத்தில், 1877இல், அந்த மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். கல்லூரி ஐஸ் ஹாக்கியின் தொடக்கம் அது. அமெரிக்காவில் இன்றும் இரண்டு வகைக் கல்லூரி அணிகள் உண்டு. பல்கலைக்கழகமே பணம் போட்டு வளர்க்கும் அணி ஒன்று. மாணவர்கள் தாங்களே சந்தா போட்டு, இரவு நேரத்தில் அரங்கை வாடகைக்கு எடுத்து ஆடும் கிளப் அணி இன்னொன்று. இந்த இரண்டாம் வகைக்காகத்தான் 1991இல் அங்கே தனியாக ஒரு சங்கமே ஏற்பட்டது. எனக்கு அந்த இரண்டாம் வகைதான் பிடித்திருக்கிறது. லடாக்கிலும் கதை அப்படித்தான்.

இந்தியாவில் பனிச்சறுக்கு அரங்கு முதலில் வந்தது சிம்லாவில், 1920இல், வெள்ளைக்காரர் காலத்தில். இயற்கையாக உறையும் பனிதான். ஆனால் ஹாக்கி ஊறிப் போனது லடாக்கில்தான். அதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் அங்கே மலைப் பாதைகள் பனியில் மூடிவிடும். வயல் வேலை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் நீண்ட விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு மே மாதம் எப்படியோ அவர்களுக்கு ஜனவரி அப்படி. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும். குளம் கல்லாகிவிடும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

1970களில் அங்கே இருந்த ராணுவ வீரர்களும் உள்ளூர் இளைஞர்களும்தான் தொடங்கி வைத்தார்கள். ஸ்கேட்டிங் பூட்ஸ் வாங்க வழியில்லை. ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டை அடித்துப் பொருத்திக்கொண்டார்கள். மட்டை, கிடைத்த மரத்தில் செதுக்கியது. பக், தேய்ந்த செருப்பு ரப்பரில் வெட்டியது. கோல்கீப்பர் காலில் கிரிக்கெட் பேடு. தென்னை மட்டையில் கிரிக்கெட் ஆடிய நம் ஊர்ப் பையன்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆடுகளத்தைத் தயார் செய்வதும் கைவேலைதான். லேயில் கர்சூ, குபுக்ஸ் என்று குளங்கள். கடுங்குளிர் இரவில் தண்ணீரை மெல்லிசாகப் பரப்பி உறையவிட வேண்டும். அது இறுகிய பிறகு மேலே இன்னொரு படலம். ஒரேயடியாகக் கொட்டினால் மேடுபள்ளமாகிவிடும். வாசலுக்குச் சாணம் மெழுகுகிற பக்குவம் மாதிரி. காலையில் வெயில் ஏறுவதற்குள் ஆட வேண்டும், விழும் பனியை ஆடுகிறவர்களே கூட்டித் தள்ள வேண்டும். இப்படி வருடத்துக்கு இரண்டு மாதம் கிடைத்தால் அதிகம்.

கிராமத்துக்கு ஓர் அணி, ராணுவத்துக்கு ஓர் அணி, இந்தோ திபெத் எல்லைக் காவல் படைக்கு ஓர் அணி என்று பெருகின. லடாக் குளிர்கால விளையாட்டுக் கழகம் போட்டிகளை நடத்தியது. இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் சர்வதேசக் கூட்டமைப்பில் சேர்ந்தது 1989இல். ஆட்டம் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு! நாட்டின் அணி முதல் சர்வதேசப் போட்டிக்கு அபுதாபி போனது 2009இல், அதற்கும் இருபது வருடம் கழித்து. குளத்தில் ஆடிப் பழகியவர்கள் கண்ணாடி போன்ற செயற்கைப் பனியில் முழு அளவு அரங்கில் இறங்கினார்கள். பலமாகத் தோற்றுத் திரும்பினார்கள். தோற்றதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. அவர்கள் எந்தக் குளத்திலிருந்து அங்கே போனார்கள் என்று எழுதியவர்கள் குறைவு.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிரியை என்பதால் இங்கேதான் என் மனம் நிற்கிறது. 1988இல் சோனம் வாங்சுக்கும் சில கல்லூரி மாணவர்களும் சேர்ந்து 'செக்மால்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ('நண்பன்' படத்தில் விஜய் ஆடிய கொசக்சி பசப்புகழ் பாத்திரத்துக்கு மூலம் இவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அது எப்படியோ போகட்டும்.) அந்தக் காலத்தில் லடாக் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறவில்லை. பாடம் அவர்கள் மொழியில் இல்லை, அவர்கள் வாழ்க்கையிலும் இல்லை. தேறாத பிள்ளைகளையே தேடிச் சேர்த்துக்கொண்டது செக்மால். லே பக்கத்தில் ஃபே கிராமத்தில் மண் சுவர்க் கட்டடம், சூரிய வெப்பத்தில் சூடாகும் அறைகள். சமையல், தோட்டம், கணக்கு வழக்கு எல்லாம் மாணவர் பொறுப்பு. குளிர்காலத்தில் அந்த மாணவர்களே தண்ணீர் விட்டு உறைய வைத்து ஐஸ் ஹாக்கிக் களம் அமைத்துக்கொள்வார்கள். அதில் பெண் பிள்ளைகளையும் மட்டையோடு இறக்கினார்கள். பிறகு நாட்டுக்காக ஆடிய பெண்களில் பலர் அங்கே பழகியவர்கள்தான். பத்தாம் வகுப்பில் தேறாததால் வந்து சேர்ந்த பிள்ளைகள் இருந்த இடம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பெண்களுக்கு வழி எளிதாக இருக்கவில்லை. குளம் முதலில் ஆண்களுக்கு. அவர்கள் ஆடி முடித்து, பனி கீறல் விழுந்து கிடக்கும்போதுதான் பெண்களுக்கு நேரம். பூட்ஸும் கவசமும் ஒருவர் கழற்றி இன்னொருவர் போட வேண்டும். 2016இல் பெண்கள் அணி முதன்முறையாகத் தைவான் போய் ஆடியது. செலவுக்குப் பணமில்லாமல் பொதுமக்களிடம் இணையம் வழியாக நிதி திரட்டினார்கள். அந்த முறை எல்லா ஆட்டமும் தோல்வி. அடுத்த வருடம், 2017இல், பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்று வென்றார்கள். சர்வதேசப் போட்டியில் அதுதான் அவர்களுடைய முதல் வெற்றி. அந்த அணியின் கோல்கீப்பர் நூர்ஜஹான், பழைய மடாலயச் சுவரோவியங்களைச் சிதையாமல் காக்கும் தொழில் தெரிந்தவர். ஒரு பக்கம் பறந்து வரும் ரப்பர் வில்லையைத் தடுப்பது, இன்னொரு பக்கம் பல நூறு வருட ஓவியத்தைத் தூரிகையால் தொடுவது. இப்படி ஒரு பெண்ணைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

2018 ஜனவரியில் ஹெய்லி விக்கன்ஹைசர் லடாக் வந்தார். கனடாக்காரர், ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கிய வீராங்கனை. மூட்டை மூட்டையாக பூட்ஸும் கவசமும் கொண்டு வந்து கொடுத்து, கூடவே நின்று பழக்கினார். அதே வருடம் நம் பெண்கள் கனடா போய் ஆடினார்கள். 2025இல் ஐக்கிய அரபு நாட்டின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள். நம் செய்தித்தாள்களில் நான் தேடியவரை மூலையில் நாலு வரி.

லீக் என்ற பெயரில் பெரிய போட்டி வந்தது 2024 ஜனவரியில்தான். ராயல் என்ஃபீல்டு கம்பெனி முன்னின்று லேயில் தொடங்கியது, ஆண் பெண் இரு பிரிவிலும். புல்லட் வண்டி செய்கிற நம் சென்னைக் கம்பெனிதான். லடாக்குக்கு வண்டியில் போகிறவர்களால் அந்த ஊரோடு அவர்களுக்கு ஒட்டுறவு உண்டு. அடுத்த மாதமே கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளும் லேயில் நடந்தன. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கம்பெனி வந்ததால் ஆட்டம் வந்தது என்பதுபோல் சிலர் எழுதுவதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வருடமாகக் குளத்தில் தண்ணீர் விட்டவர்கள் எங்கே போனார்கள்?

மாறாக டேராடூனைப் பாருங்கள். 2011இல் தெற்காசியக் குளிர்காலப் போட்டிக்காகக் கோடிக்கணக்கில் செலவழித்து உள்ளரங்கப் பனிக்களம் கட்டினார்கள். போட்டி முடிந்தது. அதை ஓட்டுகிற செலவு தாங்காமல் பல வருடம் பூட்டிக் கிடந்தது. 2025இல்தான் மறுபடி சர்வதேசப் போட்டி ஒன்று அங்கே நடந்தது. அந்த நடுவருடங்களில் லடாக் பிள்ளைகள் குளத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளமும் இப்போது முன்போல் சீக்கிரம் உறைவதில்லை, சீக்கிரம் இளகிவிடுகிறது என்று அங்குள்ள ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். குளிர்பதன வசதியுள்ள களம் அவர்களுக்கு இனி ஆடம்பரம் இல்லை.

இனி நம் குழுப் பேச்சுக்கு வருகிறேன். பொங்கலுக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து வாலிபால் லீக் நடத்தப் பணம் திரட்டுவது சந்தோஷம். பட்டியலைப் பார்த்தேன். ஆளுயரக் கோப்பை, மைக் செட், ஊர் எல்லையிலிருந்து ஃபிளெக்ஸ், எட்டு அணிக்கும் டீ-சர்ட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மறுநாள் ஆடுவதற்கு ஒரு பந்துகூடப் பட்டியலில் இல்லை. எட்டு அணியில் ஒன்றுகூடப் பெண்கள் அணி இல்லை. கேட்டால், "பொண்ணுங்க யாரு டீச்சர் ஆடுவாங்க" என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். தம்பி, உன் வகுப்பில் உன்னைவிட நன்றாக வாலிபால் ஆடிய மூன்று பெண்களின் பெயரை என்னால் இப்போதே சொல்ல முடியும். அவர்களும் இந்தப் பதிவைப் படிப்பார்கள்.

கோப்பையின் உயரத்தைப் பாதியாக்குங்கள். மிச்சத்தில் இரண்டு நெட், ஆறு பந்து, கம்பம் நட சிமெண்டு. வாரத்தில் மூன்று நாள் மாலை ஐந்து மணி முதல் ஆறரை வரை மைதானம் பெண் பிள்ளைகளுக்கு. அந்த நேரத்தில் நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன், பெற்றோர் தைரியமாக அனுப்பலாம். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். என் பங்காக ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதியைத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வாருங்கள், பட்டியலைத் திருத்துவோம். சேலத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சாப்பாடு எத்தனை பேருக்கு என்று எனக்குத் தெரிய வேண்டும்.