உது எங்கட சொல்

கொக்குவிலில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் "உது" சொல்லுறம் எண்டு ஆரும் எண்ணிப் பார்க்கிறதில்லை. கதைக்கிறவருக்குக் கிட்ட இருந்தால் இது. ரெண்டு பேருக்கும் தூர இருந்தால் அது. கேட்கிறவருக்குக் கிட்ட இருந்தால் உது. "உதை ஒருக்கா எடுங்கோ", "உவர் ஆர்?", "உங்கை என்ன செய்யிறியள்?" தமிழ்நாட்டுப் பேச்சில் இந்த மூன்றாவது சுட்டு ஏறக்குறைய மறைந்துவிட்டது. எங்கட "உங்கை", சென்னைக் காதுக்கு "உங்க" எண்டுதான் விழும்.

அதனால் சென்னைக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிற எங்கட ஆக்கள் முதலில் கைவிடுகிற சொற்களில் இதுவும் ஒன்று. பிறகு "ஓம்" ஆமாவாகும், "விளங்குது" புரியுதாகும், "கதைக்கிறது" பேசுறதாகும். எங்கட ஊரில் "அம்மா பேசுவா" எண்டால் அம்மா ஏசுவா எண்டு அர்த்தம்!

சீனாவிலும் இப்படியொரு நிலைமை உண்டு. செங்டு நகரத்தவர் பேசுவதும் மாண்டரின்தான், சியான் நகரத்தவர் பேசுவதும் மாண்டரின்தான். ஆனால் ஒருவர் மற்றவரின் ஊரில் வேலை செய்யும்போது இரண்டுக்கும் பொதுவான புதொங்ஹுவாவுக்கு மாறுவார். பெய்ஜிங் உச்சரிப்பை அடிப்படையாகக் கொண்ட அந்தப் பொதுமொழியைப் பரப்பச் சீன அரசு 1956இல் ஆணையிட்டது. தமிழில் பேச்சுக்கு அப்படி எந்த அரசும் விதி எழுதவில்லை. சினிமாவும் தொலைக்காட்சியும் அந்த இடத்தை நிரப்பின.

எழுத்துத் தமிழின் வரலாறு வேறு. கொக்குவிலுக்குப் பக்கத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தினார், 1864இல் சிதம்பரத்தில் பாடசாலை தொடங்கினார். இன்றைய உரைநடைக்கு வழி போட்டவர்களில் அவர் ஒருவர். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் பதிப்பித்தவரும் அவர்தான். அந்தத் தொல்காப்பியம் சொல்லும் சுட்டெழுத்துகள் மூன்று: அ, இ, உ. சென்னையில் நாங்கள் விழுங்குகிற "உ" இலக்கணத்தில் இருக்கிற "உ"தான்.

ஆனால் அடுத்த நூற்றாண்டின் கடைசியில் பேச்சு வேறொரு பாரத்தையும் சுமந்தது. 1983 யூலை வன்முறைக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனார்கள். 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு நிலைமை இறுகியது. பொலிஸ் பதிவு, விசாரணை, வாடகைக்கு வீடு குடுக்கத் தயக்கம். வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். அப்போது "ஆமா" எண்டு சொல்லப் பழகினது நாகரிகத்துக்காக இல்லை, ஒரு அறை கிடைக்கவேணும் எண்டதுக்காக. 2000இல் வந்த 'தெனாலி'யில் அதே பேச்சு சிரிப்புக்கான சரக்காயிற்று.

மாறிக் கதைக்கிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. விளங்கவைக்க மாறுகிறதும் ஒரு திறமைதான். ஆனால் சென்னைப் பேச்சு "நல்ல தமிழ்", எங்கடது "கொச்சை" எண்டு எங்கட பிள்ளைகளே நம்பத் தொடங்கினால், அதுக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. வெளியில் எந்தத் தமிழ் கதைத்தாலும், வீட்டில் தம்பி தங்கச்சி "உது என்ன?" எண்டு கேட்டால் "அது"வெண்டு திருத்தாதேங்கோ.