இராமேசுவரம் கடற்கரையும் டி.எஸ்.எல்.ஆர் கேமராப் போட்டியும்

பாம்பன் தீவையும் அதையொட்டிய இராமநாதபுரம் கடற்கரையையும் படமெடுக்க வருவோரிடையே "கேனனா, நிக்கானா?" என்ற வழக்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஓயாமல் நடந்தது. சாமானியர் வாங்கக்கூடிய டி.எஸ்.எல்.ஆர் கேமரா 2003-இல் வந்தபோது தொடங்கிய இந்த வழக்கு, இரு நிறுவனங்களும் 2018-இல் கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கு மாறத் தொடங்கியதும் தணிந்தது. விவரத்தாளில் அச்சிட்ட எண்களை வைத்தே பெரும்பாலும் வாதாடினார்கள். ஆனால் வெண்மணல், உப்புக்காற்று, எட்டாத் தொலைவில் நிற்கும் பூநாரை ஆகியவை கொண்ட இந்தக் கரையில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை பல நேரம் அந்தத் தாளில் இல்லாதவை.

காகிதமா, கண்ணாடியா?

கருவிகளை ஒப்பிட்டு மல்லுக்கட்டும் பழக்கம் டி.எஸ்.எல்.ஆரோடு பிறந்ததன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857-58-இல் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளைப் படமெடுத்தபோது பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகட்டிவ். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், பயணத்துக்கு ஏற்றது. ஆனால் காகித நார் நுணுக்கங்களைச் சற்று மழுக்கிவிடும். பத்தாண்டு கழித்து, 1867-68-இல், அதே அரசுக்காகத் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்த எட்மண்ட் டேவிட் லயன் கண்ணாடித் தகட்டைக் கையாண்டார். தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியும் முடிக்க வேண்டும். கூடாரமும் மருந்துப் புட்டிகளும் தண்ணீரும் கூடவே வர வேண்டும். பலன், காகிதம் தராத கூர்மை. இராமேசுவரம் கோயிலும் அவர் பட்டியலில் இருந்தது. கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் லயனின் படங்களுக்கான விளக்க நூலைத் தொகுத்தார்.

வசதிக்கும் தெளிவுக்கும் இடையே அன்று நடந்த அந்த இழுபறி இன்றுவரை தீரவில்லை. ஒன்று மட்டும் மாறிவிட்டது. தூண் வரிசையின் இருளும் இடையிடையே விழும் வெயிலும் சேர்ந்த அந்த நீண்ட பிரகாரத்தைவிடக் கடினமான சோதனைக்களம் ஒரு கேமராவுக்குக் கிடைக்காது. ஆனால் கோயிலுக்குள் இன்று பக்தர்கள் கேமரா கொண்டுபோக முடியாது. எந்த நிறுவனத்தின் ஆதரவாளரும் அங்கே தம் கட்சியை நிரூபிக்க வழியில்லை.

ஆறு மெகாபிக்சல் காலம்

டி.எஸ்.எல்.ஆர் கேமராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்வான கண்ணாடி ஒன்று மேலே திருப்பிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தரும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலெழும். ஒளி பின்னாலுள்ள சென்சாரில் விழும். ஃபிலிம் கேமராவின் அமைப்பேதான். ஃபிலிமின் இடத்தில் சென்சார். கோடக் நிறுவனம் 1991-இல் நிக்கான் எஃப்3 கேமராவில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி விற்றபோது, படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1999-இல் நிக்கான் டி1, 2000-இல் கேனன் டி30 வந்தன. இவை எல்லாருக்கும் எட்டும் விலையில் இல்லை.

2003 ஆகஸ்டில் வெளியான கேனன் 300டி, அமெரிக்காவில் 1000 டாலருக்குக் கீழே விற்கப்பட்டது, 6.3 மெகாபிக்சல். சில மாதங்களில், 2004 தொடக்கத்தில், நிக்கான் டி70 என்று பதில் சொன்னது, 6.1 மெகாபிக்சல். மெகாபிக்சலில் இரண்டும் ஏறக்குறைய சமம். வேகத்தில் சமமல்ல. 300டி நொடிக்கு 2.5 படம் வீதம் நான்கு படம் எடுத்ததும் மூச்சு வாங்கும். டி70 நொடிக்கு 3 படம் எடுக்கும், இயக்கியவுடன் தயாராகிவிடும்.

இந்தக் காலம் பாம்பனுக்கு முக்கியமானது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தில் மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடிய கடைசி ஆண்டுகள் இவை. 2007-இல் அகலப்பாதை வந்துவிட்டது. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று, கீழே கடல்மேல் ஊர்ந்து வரும் வண்டியை எடுப்பதுதான் இந்த ஊரின் புகழ்பெற்ற படம். மீட்டர் கேஜ் வண்டியை அப்படி எடுத்தவர்களில் பெரும்பாலானோர் கையில் இருந்தது ஃபிலிம் அல்லது ஆறு, எட்டு மெகாபிக்சல் கேமரா. அந்தக் காட்சி திரும்ப வராது. கையில் எது இருந்ததோ அதன் அளவுக்குத்தான் இன்று பதிவு இருக்கிறது.

அந்தப் பாலத்தில் நிற்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கனமான பேருந்து கடந்தால் பாலம் அதிரும். முக்காலியும் சேர்ந்து அதிரும். ஆகவே அசைவைச் சமன்செய்யும் வசதி லென்ஸுக்குள் இருக்க வேண்டுமா, கேமராவுக்குள் இருக்க வேண்டுமா என்ற 2006-ஆம் ஆண்டின் விவாதம் இங்கே வெறும் ஏட்டு விவாதமாக இல்லை. கேனனும் நிக்கானும் லென்ஸில் வைத்தன. சோனியும் பென்டாக்ஸும் சென்சாரையே அசைத்தன.

அதே ஆண்டில் நிக்கான் டி80, சோனி ஆல்பா 100, பென்டாக்ஸ் கே10டி மூன்றும் 10 மெகாபிக்சலோடு வந்தன. மூன்றுக்கும் சென்சார் செய்தது சோனிதான். எந்த நிறுவனத்தின் படம் உயர்ந்தது என்று இந்த மூன்றின் ஆதரவாளர்களும் அடித்துக்கொண்டதில் பாதி, ஒரே தறியில் நெய்த சேலையின் பெயர்ச்சீட்டைப் பற்றிய சண்டை.

சோனி இந்தத் தொழிலுக்குள் வந்த கதையும் நம் ஊர்த் தெருக்களோடு தொடர்புடையது. கோனிகா மினோல்டா 2006-இல் கேமரா, ஃபிலிம் தொழில்களைவிட்டு விலகியபோது அதன் எஸ்.எல்.ஆர் பிரிவை எடுத்துக்கொண்டது சோனி. கம்பெனி போன பிறகும் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பெயர்ப்பலகைகளில் கோனிகா கலர் லேப் என்ற எழுத்து பல ஆண்டுகள் அழியாமல் இருந்தது.

மணலும் உப்பும்

தனுஷ்கோடி அரிச்சல்முனைவரை தார்ச்சாலை 2017 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. அதுவரை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் உருண்டு போகும் வேன்தான் வழி. அந்தக் காற்றில் லென்ஸை மாற்றினால் சென்சாரில் தூசி உறுதி. வானத்தைப் படமெடுத்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டியை அதிரவைத்துத் தூசியை உதறும் முறையை ஒலிம்பஸ் 2003-இலேயே இ-1 கேமராவில் கொண்டுவந்தது. கேனன் 2006-இல் 400டி கேமராவிலும், நிக்கான் 2007-இல் டி300 கேமராவிலும்தான் அதைத் தந்தன. விற்பனையில் முன்னே நின்ற இரண்டும் இந்தக் கரைக்கு மிகத் தேவையான ஒன்றில் பின்தங்கியிருந்தன.

ஈரம் புகாத ரப்பர் அடைப்புகளோடு நடுத்தர விலையில் வந்த பென்டாக்ஸ் கே10டி, காகிதத்தில் பார்த்தால் இராமேசுவரத்துக்கென்றே செய்தது போலிருந்தது. ஆனால் நம் பக்கம் அதற்கு லென்ஸும் பழுதுபார்ப்பும் எளிதில் கிடைக்கவில்லை. கல்யாணச் சீசனில் கேமரா படுத்துவிட்டால், அடுத்த ஊரில் இரவல் லென்ஸ் கிடைக்குமா என்பதே ஸ்டுடியோக்காரரின் முதற்கேள்வி. கடன் வாங்கிக் கேமரா எடுத்தவருக்கு அது பிழைப்பு. கடலோர ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதற்கோ எல்லா நிறுவனமும் ஒன்றுதான். காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல் பொட்டலமும் அங்கே எந்த விருதுபெற்ற கேமராவையும்விட முக்கியம்.

பழைய லென்ஸும் புதிய கேமராவும்

கேனன் 1987-இல் தன் பழைய லென்ஸ் பொருத்தியைக் கைவிட்டு, மின்தொடர்பு மட்டும் கொண்ட இஎஃப் முறைக்கு மாறியது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். நிக்கான் 1959-இன் எஃப் பொருத்தியையே தக்கவைத்துப் பாராட்டு வாங்கியது. ஆனால் கணக்கு பின்னால் தலைகீழானது. நிக்கானின் பழைய தானியங்கி லென்ஸ்களுக்குக் குவிக்கும் மோட்டார் கேமராவுக்குள் இருந்தது. 2006 நவம்பரில் வந்த டி40-இல் விலையைக் குறைக்க அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். மலிவான 50 மி.மீ லென்ஸை ஆசையாக வாங்கி மாட்டியவர், அது தானாகக் குவியவில்லை என்று கடைக்குத் திரும்பி ஓடினார். கேனனின் 50 மி.மீ எந்த இஎஃப் கேமராவிலும் குவிந்தது. தொடக்கக்காரர் பலர் கேனன் பக்கம் சாய்ந்ததற்கு, நிறம், கூர்மை என்று சொல்லப்படும் காரணங்களைவிட இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஒருமுறை லென்ஸ் வாங்கியவர் கட்சி மாறுவது கடினம். பிறகு அவர் வாதங்கள் எல்லாம் பெரும்பாலும் செய்துவிட்ட செலவுக்கு நியாயம் தேடுபவையே.

ஓடத் தொடங்கிய படம்

2008 ஆகஸ்டில் நிக்கான் டி90, வீடியோ எடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆர் என்ற பெயரோடு வந்தது. மூன்றே வாரத்தில் கேனன் 5டி மார்க் 2 முழு உயர்தெளிவு வீடியோவோடு வந்து அந்தப் புகழைப் பறித்துக்கொண்டது. ஆனால் அது முதலில் நொடிக்கு 30 சட்டங்கள் மட்டுமே எடுத்தது. நம் நாட்டு வீடியோ முறை 25. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கல்யாண மண்டபக் குழல்விளக்கின்கீழ் படம் மினுங்கியது. 24, 25 சட்டங்கள் 2010 மார்ச்சில் வந்த மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகே கிடைத்தன. 2009 செப்டம்பரில் வந்த கேனன் 7டி-இல் அவை தொடக்கத்திலேயே இருந்தன. பாலாஜி சக்திவேல் இயக்கிய "வழக்கு எண் 18/9" (2012) படத்தை விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்தது இந்த 7டி வகைக் கேமராவில்தான். அதன் பிறகு குறும்பட இளைஞர்களிடையே ஒப்பீடே நடக்கவில்லை எனலாம்.

பூநாரைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

பறவை ஆர்வலர்களிடம் மட்டும் வாதம் சூடாகவே இருந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், மேல்செல்வனூர்-கீழ்செல்வனூர் சரணாலயங்கள் உள்ளன. தனுஷ்கோடியில் கோதண்டராமர் கோயிலையொட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் வலசைப் பூநாரைகள் இறங்கும். 2009-இல் 7டி 18 மெகாபிக்சல், நொடிக்கு 8 படம். அதன் போட்டியாளர் நிக்கான் டி300எஸ் 12.3 மெகாபிக்சல், நொடிக்கு 7 படம், ஆனால் 51 குவியப் புள்ளிகள். பறக்கும் பறவையைப் பிடித்து வைப்பதில் நிக்கானுக்கே பலர் வாக்களித்தனர்.

உண்மையில் வழக்கைத் தீர்த்தது லென்ஸ். கேனனிடம் 1993 முதல் 400 மி.மீ எஃப்/5.6 என்ற எடை குறைந்த லென்ஸ் இருந்தது. கையில் பிடித்தே நாளெல்லாம் நடக்கலாம். நிக்கானில் அதே எட்டலுக்கு 300 மி.மீ எஃப்/4 லென்ஸோடு 1.4 மடங்கு பெருக்கியைச் சேர்க்க வேண்டும். 2015 ஆகஸ்டில் 200-500 மி.மீ லென்ஸை நிக்கான் நடுத்தர விலையில் வெளியிட்ட பிறகே தராசு மறுபக்கம் சாயத் தொடங்கியது.

ஆனாலும் காலை ஒன்பது மணிக்குப் பிறகு இந்த ஒப்பீடுகளுக்குப் பொருளில்லை. சூடேறிய சேற்றுப்பரப்பின்மேல் கானல் எழும்; இருநூறு மீட்டருக்கு அப்பாலுள்ள பறவையின் இறகு எந்தச் சென்சாரிலும் கரைந்துதான் விழும். இதை அறியாதவர் லென்ஸைக் குறைசொல்வார், அல்லது பறவையை நோக்கி நடப்பார். நொடிக்கு எட்டுப் படம் எடுக்கும் கருவி கையிலிருக்கும்போது, கூட்டம் ஒன்றாக எழும்பிப் பறக்க வேண்டும் என்ற ஆசையும் வரும். வலசை வந்து இரை தேடும் பறவைக்கு அப்படி எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் உடற்கொழுப்புச் செலவு. தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் அறிவித்தது.

நிழலுக்குள் முகம்

2012-இல் நிக்கான் டி800 36.3 மெகாபிக்சலோடும், கேனன் 5டி மார்க் 3 22.3 மெகாபிக்சலோடும் மோதின. எல்லாரும் பேசியது மெகாபிக்சலை. இந்தக் கரையில் பயன்பட்டதோ வேறு. நண்பகலில் வெண்மணலில் இழுத்துவைத்த வல்லத்தின் நிழலில் மீனவர் ஒருவர் வலை சரிசெய்கிறார் என்று கொள்வோம். மணலுக்கு ஒளியளவு வைத்தால் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு வைத்தால் மணலும் கடலும் வெளுத்துப்போகும். டி800-இல் மணலுக்கு எடுத்துவிட்டுப் பின்னர் கணினியில் நிழலைத் தூக்கினால் முகம் சுத்தமாக வெளிவந்தது. 5டி மார்க் 3-இல் அதே செயலில் இருட்டுக்குள்ளிருந்து கோடுகோடாக இரைச்சல் கிளம்பியது. கேனன் இதைச் சரிசெய்ய 2016-இன் 5டி மார்க் 4 வரை ஆயிற்று.

கல்யாண ஒளிப்படக்காரர்களோ இந்த ஆண்டுகளிலும் கேனனைவிட்டு அசையவில்லை. தோல் நிறம் கேனனில்தான் அழகு என்பார்கள். கேமரா தானே செய்துதரும் ஜேபெக் படங்களைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. மூலக்கோப்பிலிருந்து பதப்படுத்தினால் வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆனால் ஒரே இரவில் ஆயிரம் படங்களைப் பார்த்து ஆல்பத்துக்குப் பிரிக்க வேண்டியவரிடம் மூலக்கோப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

2018-இல் நிக்கான் இசட் வரிசையையும் கேனன் இஓஎஸ் ஆர் கேமராவையும் வெளியிட்டன. கண்ணாடி போயிற்று, பொருத்தியும் மாறிற்று. 2020-க்குப் பிறகு இரு நிறுவனங்களின் கவனமும் முழுக்க அங்கே போய்விட்டது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் நின்றது; 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலெழுகிறது. அதை எடுக்க வருவோரில் பழைய லென்ஸ்களை இணைப்பான் வழியே மாட்டிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. கேனனின் 1993-ஆம் ஆண்டு 400 மி.மீ அதில் இன்றும் தானே குவிகிறது. நிக்கான் 2018-இல் தந்த இணைப்பானிலோ குவிக்கும் மோட்டார் இல்லை. டி40 வாங்கியவர் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடிய அந்த 50 மி.மீ லென்ஸை அதில் மாட்டினாலும் கையால்தான் திருப்பிக் குவிக்க வேண்டும்.