உயிரணுவுக்குள் உப்புக் கணக்கு



லாயாங் லாயாங் வட்டாரத்தில் பால்மரம் சீவிவிட்டோ செம்பனைக் குலை வெட்டிவிட்டோ திரும்புகிறவர் சட்டை முதுகில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. அதில் சோடியம் மிகுதி. ஆனால் உடலின் உயிரணுவுக்குள் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். புற்றுநோய் பற்றிய உயிரணுவில் இந்தக் கணக்கு மாறுகிறதா? நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள்.

1905இல் அமெரிக்காவில் குளோவ்ஸ், ஃபிரிஸ்பி என்னும் இருவர் சுண்டெலிகளின் கட்டிகளைச் சோதித்தார்கள். வேகமாக வளரும் கட்டியில் பொட்டாசியம் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் இருந்தன. வளர்ச்சி தளர்ந்த கட்டியில் கால்சியம் கூடியிருந்தது. ஆனால் கட்டி முழுவதையும் சேர்த்துத்தான் அவர்களால் அளக்க முடிந்தது.

அடுத்த பெரிய அடி நம்மவர் ஒருவருடையது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் உடுத்தியதால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவருடன் 1925இல் பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். கரைசல் எவ்வளவு நீலமாகிறதோ, அவ்வளவு பாஸ்பரஸ். இம்முறை பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் பரவியது. 1929இல் அவ்விருவரும், ஜெர்மனியில் லோமன் என்பவர் தனியாகவும், ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளைக் கண்டார்கள். (பிற்காலத்தில் புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டும் சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆய்விலேயே பிறந்தது. அது தனியே சொல்ல வேண்டிய கதை.)

அந்த ஏ.டி.பி. எதற்கு உதவுகிறது? 1957இல் டென்மார்க்கின் ஸ்கௌ, நண்டின் நரம்பை ஆராய்ந்து விடை தந்தார். உயிரணுவின் சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது. அது ஏ.டி.பி.யைச் செலவழித்துச் சோடியத்தை வெளியே இறைத்து, பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கிறது. இதற்காக அவருக்கு 1997இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

1980இல் டெக்சாஸில் கேமரனும் உடன் உழைத்தோரும் ஒவ்வோர் உயிரணுவாக மின்னணுக் கதிரால் சோதித்தார்கள். எலிகளின் புற்று உயிரணுக்களில் சோடியம் நல்ல உயிரணுக்களைவிட வெகுவாகக் கூடியிருந்தது.

அப்படியானால் குழம்பில் உப்பைக் குறைத்தால் கட்டி கரையுமா? கரையாது. இது உயிரணுவின் பம்பும் சவ்வும் சம்பந்தப்பட்ட கணக்கு. குழம்பு உப்பை நிறுத்தி இதைச் சரிசெய்ய முடியாது. உப்புப் பத்தியம் என்று யாராவது சொன்னால், அதை நம்பி மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது.

பொட்டாசியத்தை ஆராயப் புகுந்த டமாடியன், 1971இல் எலிக் கட்டிகளில் உள்ள நீர் காந்தப் புலத்தில் வேறுவிதமாக நடப்பதைக் காட்டினார். அவருடைய உப்புக் கொள்கையைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. கருவி உருவாக வழி திறந்தவர்களுள் அவரும் ஒருவர். 2007இல் அதே வகைக் கருவியால், கத்தி படாமலே, பெண்களின் மார்பகப் புற்றுக் கட்டிகளில் சோடியம் கூடியிருப்பதை அளந்தார்கள்.