பேசாத மேடை

அலுவலக வேலையாக கோபன்ஹேகனில் இரண்டு வாரம் இருந்தேன். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். காபிக்கு எழுந்ததும் எல்லோரும் டேனிஷுக்குத் தாவிவிடுவார்கள். யாரோ ஏதோ சொல்ல, சிரிப்பு கிளம்பும். நானும் சேர்ந்து சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக. அந்தச் சலிப்போடுதான் ஒரு மாலை டிவோலி பூங்காவுக்குள் நுழைந்தேன்.

1843 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. கார்ஸ்டென்சன் என்பவர் மன்னர் எட்டாம் கிறிஸ்டியானிடம் அனுமதி வாங்கி, நகரின் கோட்டை அரணை ஒட்டிய ராணுவ நிலத்தில் அமைத்தார். போர் வந்தால் சட்டென்று அகற்ற வேண்டியிருக்கும் என்பதால் ஆரம்பக் கட்டடங்களை மரத்தில்தான் கட்டினார்கள். 'தற்காலிகம்' என்று குறிப்பு எழுதிய நிரல் வருடக்கணக்காக ஓடுவதைப் பார்த்தவன் நான். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அங்கே ஊமைநாடகத்துக்கென்று ஒரு திறந்தவெளி அரங்கு இருக்கிறது. பியரோ, ஹார்லெக்வின், கொலம்பீன் என்று இத்தாலிய மரபிலிருந்து வந்த பாத்திரங்கள். 1800 வாக்கில் காஸோர்ட்டி குடும்பத்தார் டென்மார்க்குக்குக் கொண்டுவந்த கலை இது. வந்தவர்களுக்கு டேனிஷ் தாய்மொழி இல்லை. பேசாத நாடகத்துக்கு அது தடையும் இல்லை.

மௌனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோபன்ஹேகனில் வசன நாடகம் போடுவது அரச அரங்கின் தனியுரிமை. அரசரின் மேடைக்குப் பேச்சு, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு சைகை என்றுதான் பங்கீடு இருந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. இப்போதுள்ள ஊமைநாடக அரங்கு 1874இல் எழுந்தது. வடிவமைத்தவர் வில்ஹெல்ம் டாலரப். அதே 1874இல் அரச அரங்குக்கும் புதிய கட்டடம் வந்தது. ஓவே பெட்டர்சனோடு சேர்ந்து அதை வடிவமைத்தவரும் அதே டாலரப்தான்! ஒரே கை, ஒரே ஆண்டு. அங்கே கூரையும் இருக்கைகளும். இங்கே சீன பாணி மேடை, எதிரே வானம் பார்த்த தரை. திரை துணியில்லை, தோகை விரித்த ஒரு மயில். ஆட்டம் தொடங்கும்போது ஆட்கள் கையால் இயக்க, அந்தத் தோகை மடங்கிக் கீழே இறங்குகிறது.

1944 ஜூனில் டேனிஷ் நாஜி ஆதரவாளர்கள் வைத்த குண்டுகளில் டிவோலியின் இசைமண்டபம் அழிந்தது. மயில் தப்பித்தது. பின்னாளில் ராணி இரண்டாம் மார்கரேட்டே இந்த மேடையின் பாலே நிகழ்ச்சிகளுக்கு உடைகளும் காட்சியமைப்பும் வடிவமைத்தார். ஒருகாலத்தில் பேச்சைத் தன் மேடைக்கென்று வைத்துக்கொண்ட அரசகுடும்பம், பேசாத மேடைக்கு வேலை செய்தது!

அன்று மாலை கூட்டத்தோடு நின்று பார்த்தேன். பியரோ தடுக்கி விழுந்தான். எல்லோரும் சிரித்த அதே கணத்தில் நானும் சிரித்தேன். இரண்டு வாரத்தில் முதல்முறை.

முடிந்ததும் குழந்தைகள் மேடையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். "பியரோ, ஏதாவது பேசு!" என்று கேட்பது அங்கே பழைய வழக்கமாம். அதுவரை வாய் திறக்காதவன் முன்னால் வந்து டேனிஷில் ஏதோ சொன்னான்.

எனக்குப் புரியவில்லை. ஆனால் கடைசியில் எல்லோரும் சேர்ந்து போட்ட 'ஹுர்ரே'யில் நான் தாமதிக்கவில்லை.