புரோஸ்டேட் வீக்கம்

வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் உள்ள புரோஸ்டேட் சுரப்பி பருத்து, தன்னூடே செல்லும் சிறுநீர்க்குழாயை நெருக்கும் நிலை. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. 60 வயதுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சுரப்பி பருக்கத் தொடங்கினாலும் எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை.

இரவில் அடிக்கடி எழுதல், முக்கிப் போதல், மெலிந்த தாரை, போன பின்னும் சொட்டுதல், மீதமிருப்பதான உணர்வு ஆகியவை அறிகுறிகள். வயசானால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்வது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும்.

சர்க்கரை நோயிலும் அடிக்கடி சிறுநீர் போகும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 5.8.2021 அன்று சூளகிரியை அடுத்த சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீடு தேடி வரும் ஊழியரிடம் இத்தொல்லையையும் கூச்சமின்றிச் சொல்லலாம்.

டாம்சுலோசின் மருந்து சுரப்பியின் தசையைத் தளர்த்திச் சில நாளில் பலன் தரும். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றலாம். ஃபினாஸ்டரைடு சுரப்பியைச் சுருக்க ஆறு மாதம் வரை ஆகும், புற்றுநோயைக் கண்டறிய இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவையும் பாதியாகக் குறைத்துக் காட்டும். மருந்துக்கு அடங்காதபோது சிறுநீர்த் துவாரம் வழியே கருவி செலுத்திச் சுரப்பியைச் சுரண்டி எடுப்பர், வயிற்றைக் கிழிப்பதில்லை. சில சளி மாத்திரைகளால் சிறுநீர் முற்றிலும் அடைபடலாம். அப்போது உடனே மருத்துவமனையில் குழாய் பொருத்த வேண்டும்.