டி புரூயின் சுட்டெண்

டி புரூயின் சுட்டெண் என்பது லாம்டா நுண்கணிதத்தில் மாறிகளைப் பெயருக்குப் பதிலாக எண்ணால் குறிக்கும் முறை ஆகும். நெதர்லாந்துக் கணிதவியலாளர் நிக்கோலாசு டி புரூயின் (1918–2012) இதனை 1972 இல் வெளியிட்டார்.

லாம்டா கோவைகளை மதிப்பிடும் நிரல் மாறிகளின் பெயர்களைக் கொண்டு எழுதப்பட்டால், பதிலீட்டின்போது பிழை எளிதில் நுழையும். "லாம்டா அ. லாம்டா இ. அ" என்ற சார்புக்கு வெளியிலுள்ள "இ" உள்ளீடானால், கவனமற்ற நிரல் "லாம்டா இ. இ" எனத் தவறான விடை தரும், வெளி மாறி உள்ளே கட்டுண்டுவிடுகிறது. சுட்டெண் முறையில் இச்சார்பு "லாம்டா லாம்டா 2" ஆகும் (படிப்பவருக்கு இவ்வடிவம் எளிதன்று). மாறியைக் கட்டும் லாம்டா உள்ளிருந்து எத்தனையாவது என்பதே அவ்வெண். நிரலை இவ்வாறு மாற்றியமைத்தால் பெயர் மாற்றும் பகுதி முழுவதையும் நீக்கிவிடலாம். ஆயினும், பதிலிடப்படும் கோவை ஒரு லாம்டாவினுள் செல்லுந்தோறும் அதன் கட்டற்ற எண்களுடன் ஒன்றைக் கூட்டவேண்டும். இதனை விட்டால் அதே பிழை மீண்டும் வரும்.