மீன்தொட்டியின் அடிமணலும் நீர்த்தூய்மையும்: ஒரு வரலாற்று ஆய்வு

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் ஐரோப்பிய இல்லங்களில் வேரூன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தொட்டி ஜலம் எதனால் கெடுகிறது, எதனால் தெளிகிறது என்ற வினாவுக்கு அறிஞர்கள் கண்ட விடை வேறு. இன்று நாம் அறிந்துள்ள விடை வேறு. அவர்கள் அப்பெருமையை முதலில் செடிக்கும், பின்னர் நத்தைக்கும் அளித்தார்கள். அடியில் பரப்பிய மணலுக்கோ, வேர் பற்றிக்கொள்ளும் இடம் என்பதற்கு மேல் ஒரு சிறப்பையும் கற்பிக்கவில்லை. மணலின் மகிமை மீன் வளர்ப்போரால் வெளிப்பட்டதன்று, சாக்கடை நீரையும் வயல் மண்ணையும் ஆராய்ந்தவர்களால் வெளிப்பட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை, வழியில் உருண்டு சேதமுறாதபடி ஊசி நூலால் கடற்பஞ்சோடு தைத்து லண்டனுக்குக் கொண்டுவந்த ஆனா தின் அம்மையார், கடல்நீரைத் திறந்த சாளரத்தருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நெடுநேரம் மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றூட்டினார். தமக்கு ஓய்வில்லாத வேளைகளில் அவ்வேலையைப் பணிப்பெண்ணிடம் ஒப்படைத்தார். இந்த ஓயாத உழைப்பிலிருந்து விடுதலை தேடியவர்களுக்கு, செடி கெட்ட காற்றை மீண்டும் நல்லதாக்கும் என்று 1771-இல் ஆங்கில ரசாயன அறிஞர் பிரீஸ்ட்லி கண்ட உண்மை வழிகாட்டியது.

லண்டன் மருந்தாளர் மண்டபத்தில் ரசாயன நிபுணராக இருந்த ராபர்ட் வாரிங்டன் 1849-இல் அவ்வுண்மையைப் பரீட்சித்தார். ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் பரப்பி, கற்களை அடுக்கி, வாலிஸ்னீரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். சில காலம் யாவும் செம்மையாக நடந்தன. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகி, ஜலம் கலங்கி, பச்சை வழுவழுப்பு படர்ந்தது. ஐந்தாறு குளத்து நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்று தீர்த்தன. அவற்றின் முட்டைகளும் மீன்களுக்கு இரையாயின. மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கும், செடி விடும் பிராணவாயுவை மீன் ஏற்கும், இரண்டின் கழிவையும் நத்தை ஏற்கும் என்ற இந்தச் சமநிலைச் சித்தாந்தம் ஒரு நூற்றாண்டுக்கு அசைக்க முடியாத கொள்கையாக நிலவியது. அழகான கொள்கைதான், ஆனால் மீனின் செவுள் வழியாக இடையறாது வெளிப்படும் அமோனியா என்னும் நஞ்சைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

அந்நஞ்சின் கதி பிரான்சில் தெரியவந்தது. 1877-இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், நீண்ட குழாயில் சுட்ட மணலோடு சிறிது சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்ல இறக்கினார்கள். இருபது நாட்கள் வரை வெளிவந்த நீரில் ஒரு மாறுதலும் இல்லை. அதன்பின் அமோனியா குறைந்து நைட்ரேட் தோன்றியது. வெறும் ரசாயன வினையாயின் முதல் நாளே நிகழ்ந்திருக்க வேண்டுமல்லவா? குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாறுதல் நின்றுவிட்டது. அது நீங்கிய பின் தோட்டத்து மண் கரைத்த நீரைச் சிறிது சேர்க்கவே மீண்டும் தொடங்கியது. மணலில் உயிருள்ள ஏதோ ஒன்று குடியேறி வேலை செய்கிறது என்பது ஐயமற விளங்கிற்று. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மீன்கள் மடிவதன் காரணமும், பழைய தொட்டியின் மணலில் ஒரு பிடி இட்டால் அந்த இடர் குறைவதன் காரணமும் இந்த ஒரே சோதனையில் அடங்கியிருக்கின்றன.

மறு ஆண்டே இம்முடிவை இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுக்கூடத்தில் சோதித்து உறுதிசெய்து, அந்நுண்ணுயிர்கள் இருளில் செழித்து வெளிச்சத்தில் தயங்குகின்றன என்றும் கண்டவர், தங்கமீன் தொட்டி வைத்த அந்த வாரிங்டனின் மகன், இளைய ராபர்ட் வாரிங்டன். 1838-இல் பிறந்த இவர், தந்தையின் தொட்டி அமைந்தபோது சிறுவர். தந்தையின் கலத்தில் மணல் செய்திருக்கக்கூடிய வேலைக்கு மகனின் ஆய்வில் விளக்கம் கிடைத்தது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1890-91 ஆண்டுகளில் ரஷ்ய நுண்ணுயிரியல் அறிஞர் வினோகிராட்ஸ்கி, அங்ககப் பொருள் கலவாத ஊடகத்தில் இவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து, அமோனியாவை நைட்ரைட்டாக்குவது ஓரினம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறோரினம் என நிலைநாட்டினார்.

இவ்வறிவு மீன் வளர்ப்போரிடம் வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸ் காட்சித் தொட்டிகளை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட், நிலத்தடியில் இருண்ட பெருந்தேக்கம் ஒன்றை வைத்து நீரை இடைவிடாது சுழலவிட்டு வெற்றி கண்டது அனுபவ ஞானத்தாலேயே. இல்லத் தொட்டிகளில் 1950-களுக்குப் பின்னரே, துளையிட்ட தட்டின்மேல் சரளையைப் பரப்பி, காற்றுக்குழாயின் விசையால் நீரைச் சரளையூடே கீழ்நோக்கி இழுக்கும் அடிவடிகட்டி பரவி, மணலே வடிகட்டி என்ற நிலை பிறந்தது.

அடித்தளத்தைத் தேர்வதும் இதனால் அலங்கார விஷயம் அல்லாதாயிற்று. அடிவடிகட்டிக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் சரளை உகந்தது. மிக நுண்ணிய மணல் இறுகிப் பிராணவாயு புகாமல், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வீசும் கரிய திட்டுக்களை உண்டாக்கும். மீசையால் தரையைத் துழாவி இரை தேடும் கெளுத்தி இனங்களுக்கோ கூர்முனையற்ற மென்மணலே தகும். அதை மெல்லிய அடுக்காகப் பரப்பி, வடிகட்டும் வேலையைத் தனிக் கருவிக்கு விடவேண்டும். கல்லின்மேல் ஒரு துளி வினிகர் விட்டால் நுரைக்குமாயின், அதில் சுண்ணாம்பு உண்டு; அது நீரைக் கடினப்படுத்தும். நைட்ரேட் உண்டாகும்போது அமிலமும் உண்டாவதால், மிக மென்மையான நீரில் சிறிது சுண்ணாம்புக்கல் துணைசெய்யும்.

மணலில் தங்கிய அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதே முறை. சரளை முழுவதையும் வெளியே அள்ளி, குளோரின் கலந்த குழாய்நீரில் பளபளவென்று கழுவித் திரும்ப இடுகிறவர்கள், வாரக்கணக்கில் குடியேறிய நுண்ணுயிர்ச் சமுதாயத்தையே அழித்துவிடுகிறார்கள். அச்சமுதாயத்தின் உறுப்பினர் யாவர் என்ற ஆய்வும் முடிந்தபாடில்லை: நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபேக்டர் என்று நெடுநாள் நம்பியதற்கு மாறாக, நன்னீர்த் தொட்டிகளில் அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் தெரிந்தது; 2005-இல், பாக்டீரியா வகுப்பிலேயே சேராத, அமோனியாவை உண்ணும் ஆர்க்கியா நுண்ணுயிர் ஒன்றை அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத் தொட்டி ஒன்றின் அடித்தளத்திலிருந்தே பிரித்தெடுத்தார்கள்.